சிலிண்டர் சாவியும் சோல்ஃபெரினோவும்

முதல் நாள்: மிலானிலிருந்து காஸ்திலியோனே

முப்பத்திரண்டு வருடம் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், ஊர் சுற்றப் போகிறேன் என்றால் கடல், மலை என்று எதையாவது சொல்ல வேண்டும். நான் ஒரு போர்க்களத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். மிலானில் பொதுச் சுகாதாரம் படிக்கும் தம்பி மகள் போனிலேயே சிரித்தாள்.

“அத்தை, உங்களுக்காக ஒரு வாரம் லீவு வாங்கியிருக்கேன். வெனிஸ் போலாம்னு நெனச்சேன். போர்க்களமா?”

நர்ஸிங் படித்த காலத்தில் சோல்ஃபெரினோ எங்களுக்கு இரண்டு மார்க் கேள்வி. ‘1859, சோல்ஃபெரினோ போர், ஹென்றி டுனாண்ட், செஞ்சிலுவைச் சங்கம்.’ அவ்வளவு எழுதினால் போதும், டிக் விழும். அந்த ஊர் எங்கே இருக்கிறது, அங்கே உண்மையில் என்ன நடந்தது என்று நானும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. வேலையிலிருந்து நின்ற பிறகுதான் டுனாண்ட் எழுதிய சின்னப் புத்தகம் கைக்குக் கிடைத்தது. ஒரே இரவில் படித்தேன். அதில் ஒரு இடம் என்னைத் தூங்க விடவில்லை. அது எந்த இடம் என்பதை மூன்றாம் நாள் சொல்கிறேன், அங்கே போய் நின்றுகொண்டு.

மிலானிலிருந்து ரயிலில் தெசென்சானோ, அங்கிருந்து பஸ்ஸில் காஸ்திலியோனே தெல்லே ஸ்தீவியெரே. இந்தப் பெயரை ஒழுங்காகச் சொல்ல எனக்கு இரண்டு ஊர் தாண்ட வேண்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே கார்தா ஏரி சற்று நேரம் கூடவே வந்தது. பிறகு சின்னச் சின்னக் குன்றுகள், திராட்சைத் தோட்டங்கள். ஜூன் மாதக் கடைசி, வெயில் சுள்ளென்று இருக்கிறது. திட்டம் இதுதான்: இங்கே மூன்று இரவு, பிறகு சுவிட்சர்லாந்தில் ஜெனீவா, கடைசியாக அதே நாட்டில் ஹைடன் என்ற சின்ன ஊர். டுனாண்டின் வாழ்க்கை போன வழியிலேயே நாங்களும் போகிறோம்.

இரண்டாம் நாள்: சோல்ஃபெரினோ

தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மா காலையில் தன் காரிலேயே கொண்டுவந்து விட்டுவிட்டார். போன வாரம் வந்திருந்தால் தீப்பந்த ஊர்வலம் பார்த்திருக்கலாமாம். ஒவ்வொரு ஜூனிலும் உலகம் முழுவதிலுமிருந்து செஞ்சிலுவை, செம்பிறைத் தொண்டர்கள் வந்து கையில் பந்தத்தோடு சோல்ஃபெரினோவிலிருந்து காஸ்திலியோனே வரை நடக்கிறார்கள். காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு போன அதே திசை.

முதலில் புனித பேதுரு ஆலயம். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணமாக இருக்கிறது. உள்ளே பலிபீடத்துக்குப் பின்னால் சுவர் முழுக்க மண்டை ஓடுகள், அலமாரியில் புத்தகம் அடுக்கியதுபோல. 1,413 மண்டை ஓடுகள். சுமார் 7,000 பேரின் எலும்புகள். எந்த ராணுவம் என்று பிரித்து வைக்கவில்லை, பிரிக்கவும் முடியாது. பிணத்துக்குப் பழகியவள்தான் நான். ஆனாலும் ஒரு மண்டையில் நெற்றியோரம் இருந்த ஓட்டையைப் பார்த்ததும் கை தானாக என் நெற்றிக்குப் போனது.

1859 ஜூன் 24. ஒரு பக்கம் மூன்றாம் நெப்போலியனின் பிரெஞ்சுப் படையும் சார்டினிய மன்னரின் படையும், எதிர்ப்பக்கம் ஆஸ்திரியப் பேரரசர். இரண்டு தரப்பும் சேர்ந்து ஏறத்தாழ 3 லட்சம் பேர் இந்தக் குன்றுகளில் பகல் முழுக்க அடித்துக்கொண்டார்கள். சாயங்காலம் பெருமழை. இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்த்துச் சுமார் 40,000 என்கிறார்கள். கிருமி என்று ஒன்று இருப்பதை மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ளாத காலம் அது. அறுவை மருத்துவர் லிஸ்டர், கிருமியைக் கொல்லும் கார்பாலிக் அமிலத்தைப் பற்றி எழுத இன்னும் எட்டு வருடம் இருந்தது. குண்டு பட்ட கால் என்றால் வெட்டு, கை என்றாலும் வெட்டு, பிறகு சீழ்.

அங்கிருந்து மேலே ரோக்கா கோபுரத்துக்கு ஏறும் வழியில் சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே செஞ்சிலுவை நினைவிடம். போரின் நூறாவது ஆண்டில், 1959இல் கட்டியது. சுவரில் நாடு நாடாகப் பளிங்குக் கற்கள் பதித்திருக்கிறார்கள்.

அங்கேதான் அது நடந்தது. எங்களுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்த வயதான மனிதர் படியில் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தார். அவர் மனைவி கத்தினார். நான் ஓடினேன் என்று எழுத ஆசைதான். என் முட்டிக்கு, வேகமாக நடந்தேன். தட்டிக் கூப்பிட்டேன், பதில் இல்லை. மூச்சு இருந்தது. காலைத் தூக்கிப் பிடிக்கலாம் என்று நினைப்பதற்குள் வாந்தி எடுத்துவிட்டார். பக்கவாட்டில் திருப்பி, வாயைத் துடைத்து, தலையைப் பின்னால் சாய்த்துத் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேறொன்றும் செய்யவில்லை. அந்த நேரத்தில் செய்யவும் எதுவுமில்லை. மூச்சுக்குழாய் திறந்திருக்க வேண்டும், மூச்சை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

தம்பி மகள் கல்லாக நின்றாள். மனைவிதான் 112க்குப் போன் பண்ணினார். சில நிமிடத்தில் அவர் கண் திறந்து இத்தாலியனில் ஏதோ திட்டினார். திட்டுகிறவர் பிழைத்துவிடுவார் என்பது என் வார்டு அனுபவம். ஆம்புலன்ஸ் வந்தது. மூன்று பேர், அதில் ஒரு பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவள் என் தோளைத் தொட்டு மரியாதையாக, ஆனால் உறுதியாக, நகரச் சொன்னாள். முப்பத்திரண்டு வருடம் மற்றவர்களை நகரச் சொன்னவள் நான். கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அந்தப் பெண் எந்தப் பையில் எது இருக்கிறது என்று பார்க்காமலேயே கையை விட்டு எடுத்தாள். பிரஷர் பார்த்தாள், சர்க்கரை பார்த்தாள், மாஸ்க் போட்டாள். ஒரு அசைவு வீணில்லை.

பிறகு விசாரித்ததில், அந்தப் பெண் பகலில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை செய்கிறாளாம். ஆம்புலன்ஸ் வேலை வாரத்தில் சில மணி நேரம், சம்பளம் கிடையாது. இந்த நாட்டில் ஆம்புலன்ஸ்களில் கணிசமானவை இப்படிப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களால்தான் ஓடுகின்றன.

திரும்பும் வழியில் தம்பி மகள் பேசவே இல்லை. ராத்திரி விளக்கணைத்த பிறகு இருட்டில் சொன்னாள்: “எனக்கு எல்லாப் புள்ளிவிவரமும் தெரியும் அத்தை. கைதான் வரல.”

மூன்றாம் நாள்: காஸ்திலியோனே

இன்றைக்கு ஊரை விட்டு நகரவில்லை. நகர வேண்டிய அவசியமும் இல்லை, நான் பார்க்க வந்தது இந்த ஊரைத்தான்.

டுனாண்ட் டாக்டர் இல்லை, சிப்பாய் இல்லை. ஜெனீவாக்காரர், 31 வயது வியாபாரி. அல்ஜீரியாவில் மாவு மில் வைத்திருந்தார். அதற்கு நிலமும் தண்ணீரும் அனுமதியும் வேண்டி, போர்க்களத்தில் இருந்த நெப்போலியனையே நேரில் பார்த்து மனு கொடுக்கக் கிளம்பி வந்தவர். வந்த இடத்தில் சண்டை. சுமார் 5,000 பேர் வசித்த இந்தச் சின்ன ஊருக்குள் காயம்பட்ட 9,000 பேர் வந்து விழுந்தார்கள். கோயில்கள், பள்ளிக்கூடம், வீடுகள், தெருத் திண்ணைகள், எங்கும் வைக்கோல் விரித்து ஆட்கள். பெரிய கோயிலுக்குள் மட்டும் ஏறத்தாழ 500 பேர், வாசலில் இன்னும் நூறு பேர்.

அந்த வாசலில் நின்றுகொண்டு, முதல் நாள் சொல்லாமல் விட்ட அந்த இடத்தைச் சொல்கிறேன். ஊரில் தண்ணீர் இருந்தது, சாப்பாடு இருந்தது, ஆனாலும் காயம்பட்டவர்கள் தாகத்தாலும் பசியாலும் செத்தார்கள் என்று எழுதுகிறார் டுனாண்ட். புண்ணில் வைத்துக் கட்டத் துணிநார் குவிந்து கிடந்தது, கட்டத்தான் கை இல்லை என்கிறார்.

ஏன் தூங்கவில்லை என்றால், எனக்கு இது தெரியும். பல வருடம் முன்பு ஒரு இரவு டியூட்டி. மூச்சுத் திணறலோடு ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ஆக்ஸிஜன் சிலிண்டர் பக்கத்திலேயே இருந்தது, நிறைய இருந்தது. அதைத் திறக்கிற சாவியைக் காணோம். சிலிண்டர் சாவி என்பது ஒரு சின்ன ஸ்பேனர், அவ்வளவுதான். நாலு பேர் தேடினோம். பக்கத்து வார்டுக்கு ஆயாம்மா ஓடினார். கிடைக்க எத்தனை நிமிடம் ஆனது என்று நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த மனிதர் பிழைத்துவிட்டார். ஆனாலும் மறுநாள் காலை டியூட்டி முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், பேண்டேஜ் துணியைக் கிழித்து வார்டில் இருந்த ஒவ்வொரு சிலிண்டரின் கழுத்திலும் ஒரு சாவியைக் கட்டிவிட்டுத்தான் போனேன். அதற்குப் பிறகு கடைசி டியூட்டி வரைக்கும் வார்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலை, எமர்ஜென்சி டிராலியைத் திறந்து எண்ணுவது. சின்னப் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

காஸ்திலியோனேயில் என்ன செய்தார்கள்? ஊர்ப் பாதிரியார் தோன் லொரென்சோ பார்சிஸ்ஸாவும் ஊர்ப் பெண்களும் இறங்கினார்கள். வெள்ளைச் சட்டை போட்ட வெளியூர்க்காரர் ஒருவர் அவர்களோடு சேர்ந்தார். அவர்தான் டுனாண்ட். சிறுவர்களை வாளியோடு தண்ணீருக்கு அனுப்பினார். வண்டிக்காரரை பிரேஷா நகரத்துக்கு விரட்டினார். வண்டி திரும்பி வந்தபோது அதில் இருந்தவை: சாமந்திப்பூ போன்ற கமோமில், எலுமிச்சை, ஆரஞ்சு, சர்க்கரை, சட்டைகள், பஞ்சு, கட்டுத் துணி, குண்டூசி, சுருட்டு, புகையிலை. இந்தப் பட்டியலைப் படித்ததும் எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை வந்தது. குண்டூசி! கட்டுத் துணி வாங்கினவர் ஊசியை மறக்கவில்லை.

பெண்கள் எதிரிப்படைக்காரனுக்கும் அதே தண்ணீர், அதே கட்டு. கேட்டதற்கு “தூத்தி ஃப்ரத்தெல்லி” என்றார்களாம், எல்லோரும் சகோதரர்கள் என்று. தெருவில் பல இடங்களில் இந்த வார்த்தை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கும் பெயர் தெரியாது, வார்த்தை மட்டும் தங்கிவிட்டது.

மத்தியானம் இங்கே உள்ள செஞ்சிலுவை அருங்காட்சியகம். குதிரை வண்டி ஆம்புலன்ஸ்கள், தூக்குப் படுக்கைகள், அறுவைக் கருவிப் பெட்டிகள். ஒரு ரம்பத்தின் பிடி கை பட்டுப் பட்டு வழவழவென்று தேய்ந்திருந்தது. தம்பி மகள் அதைப் பார்க்கவில்லை, வண்டிகளின் வில் அமைப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். “குலுங்கினா எலும்பு இன்னும் உடையும்ல அத்தை?” சரியான கேள்வி. ஜெனீவா அறுவை மருத்துவர் லூயி அப்பியா இதே போரில் இத்தாலிய மருத்துவமனைகளில் வேலை பார்த்தவர். எலும்பு முறிந்தவரைத் தூக்கிச் செல்லும்போது கை கால் அசையாமல் பிடித்துவைக்க ஒரு கருவி செய்தவர் அவர். அவரைப் பற்றி எந்தப் பரீட்சையிலும் எனக்கு யாரும் கேட்கவில்லை.

எங்கள் குலதெய்வம் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் டுனாண்டின் யோசனையை ஏற்கவில்லை என்பதும் படித்தபோது பாடத்தில் இல்லை. காயம்பட்ட சிப்பாயைப் பார்ப்பது அரசாங்கத்தின் கடமை; தொண்டர் சங்கம் அதைக் கையில் எடுத்தால் அரசாங்கம் நிம்மதியாகக் கையைக் கழுவிவிடும் என்றார் அந்தம்மா. அவர் சொன்னதில் தவறில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நன்கொடைக்கு வந்த கருவி பழுதாகி மூலையில் கிடப்பதையும், அதைக் காட்டியே புதுக் கருவி வாங்காமல் இருப்பதையும் பார்த்தவள் நான்.

நான்காம் நாள்: ரயிலில்

பஸ், ரயில், மிலானில் மாறி இன்னொரு ரயில். சிம்ப்ளான் சுரங்கம் கிட்டத்தட்ட 20 கி.மீ. நீளம்; 1906இல் திறந்தது. உள்ளே போகும்போது இத்தாலி, வெளியே வரும்போது சுவிட்சர்லாந்து.

பார்க்க ஒன்றும் இல்லாத அந்த இருட்டில்தான் தம்பி மகள் பேச ஆரம்பித்தாள். பொருள் இருந்தும் கை இல்லாத கதையைச் சொன்னீர்களே, பொருளும் தீர்ந்து கையும் தீர்ந்த கதை ஒன்று தெரியுமா என்றாள். 1971, வங்கதேச விடுதலைப் போர். எல்லை தாண்டி வந்த அகதிகள் முகாமில் காலரா. மேற்கு வங்கத்தின் எல்லை ஊரான பங்கானில் மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் நின்றுகொண்டிருக்கிறார். வார்டுத் தரையெல்லாம் வாந்தியும் பேதியும். ஏற்றுவதற்கு டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருக்கின்றன, ஊசி குத்தத் தெரிந்த ஆட்கள் போதவில்லை. அவர் எடுத்த முடிவு, குடிக்கக் கொடுப்பது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடியம் பைகார்பனேட். கல்கத்தாவில் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தார்கள், பீப்பாயில் கரைத்தார்கள். அதை ஊட்டியது நர்ஸ் இல்லை. கூட வந்த அம்மா, அக்கா, புருஷன். முகாமில் 30 சதவீதம் வரை இருந்த சாவு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது.

குடலில் குளுக்கோஸ் போகும்போது சோடியத்தையும் கூட இழுத்துக்கொண்டு போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். காலரா வந்த குடலிலும் இந்த வழி மட்டும் அடைபடுவதில்லை. இது ஆய்வுக்கூடத்தில் அதற்கு முன்பே தெரிந்த விஷயம்தான். ஆனால் படிக்காத தாயின் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்து அவளை நம்ப அன்றைக்கு நிறைய மருத்துவர்கள் தயாராக இல்லை. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை எத்தனை ஆயிரம் பேருக்குக் கொடுத்திருப்பேன்! ஒரு தடவைகூட அதன் பின்னால் இப்படி ஒரு முகாம் இருக்கிறது என்று நினைத்ததில்லை.

“நீங்க காஸ்திலியோனே பொம்பளைங்களப் பத்திப் பேசினீங்க. இவங்களும் அவங்கதான்” என்றாள். சுரங்கம் முடிந்து வெளிச்சம் வந்தது. எனக்கு அழுகை மாதிரி வந்ததை வெளிச்சத்தால் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஐந்தாம் நாள்: ஜெனீவா, பழைய நகரம்

டுனாண்ட் ஊருக்குத் திரும்பி, மூன்று வருடம் கழித்து 1862இல் சொந்தக் காசில் அந்தப் புத்தகத்தை 1,600 பிரதிகள் அச்சடித்தார். கடையில் விற்பதற்காக அல்ல. அரசர்களுக்கும் அமைச்சர்களுக்கும் அனுப்புவதற்காக. அழுது முடித்துவிட்டு, கடைசிப் பக்கங்களில் இரண்டு கேள்வி கேட்கிறார்: அமைதிக் காலத்திலேயே ஆட்களைப் பழக்கி வைக்கும் சங்கங்களை ஏன் ஏற்படுத்தக் கூடாது? காயம்பட்டவர்களைக் காப்பதற்கு நாடுகள் ஏன் ஓர் ஒப்பந்தம் செய்யக் கூடாது?

1863 பிப்ரவரி 17 அன்று இந்த ஊரில் ஐந்து பேர் கூடினார்கள், செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அதுதான் தொடக்கம். டுனாண்ட், வழக்கறிஞர் குஸ்தாவ் முவானியே, தளபதி துஃபூர், மருத்துவர்கள் அப்பியா, மோனுவார். அடுத்த வருடம் ஆகஸ்ட் 22இல் 12 நாடுகள் முதல் ஜெனீவா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. கையெழுத்திட்ட அறை நகர மண்டபத்தில் இருக்கிறது, அலபாமா அறை என்று பெயர். நாங்கள் போனபோது பூட்டியிருந்தது. முற்றத்தில் நின்று கதவைப் பார்த்துவிட்டு வந்தோம்.

பத்தே பத்து ஷரத்து. அதில் ஐந்தாவதைத் தம்பி மகள் போனில் எடுத்து வாசித்தாள்: காயம்பட்டவர்களுக்கு உதவுகிற உள்ளூர்வாசிகளுக்கு மரியாதை தர வேண்டும், அவர்களைச் சுதந்திரமாக விட வேண்டும். பெயர் தெரியாத அந்த ஊர்ப் பெண்கள் ஐந்தே வருடத்தில் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள்.

முவானியே பற்றி எங்களுக்குள் சண்டை வந்தது. டுனாண்ட் 1867இல் திவாலானார். ஜெனீவாவில் அது தீராத களங்கம். அவரை வெளியே தள்ளியதிலும், பிறகு வாழ்நாள் முழுக்கக் கிட்டே சேர்க்காததிலும் முவானியேவுக்குப் பங்கு உண்டு. நான் அவரைக் கல் நெஞ்சக்காரர் என்றேன். “அத்தை, 1864லேருந்து 1910 வரைக்கும் நாற்பத்தாறு வருஷம் தலைவரா இருந்து ஃபைல் பார்த்தவர் அவர்தான். டுனாண்ட் கையில விட்டிருந்தா இது ரெண்டு வருஷம்கூட நின்னிருக்காது” என்றாள். மறுக்க வாய் வந்தது, டிராலியை எண்ணுகிற என் பழக்கம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டது. நோட்டு எழுதுகிறவர்களை எனக்கு எப்போதும் பிடிக்காது. ஆனால் நானே ஒரு நோட்டு எழுதுகிறவள்தான். இருவரும் செத்ததும் ஒரே வருடம், 1910. ஆகஸ்டில் ஒருவர், அக்டோபரில் மற்றவர்.

மாலையில் செஞ்சிலுவை, செம்பிறை அருங்காட்சியகம். வாசலிலேயே துணி போர்த்திய கல் உருவங்கள், கார்ல் புக்கர் என்ற சிற்பி செய்தவை, முகம் கிடையாது. உள்ளே முதல் உலகப் போர்க் கைதிகளின் அட்டைகள். சுமார் 60 லட்சம் அட்டைகள். பெயர், படைப்பிரிவு, எங்கே பிடிபட்டார், எந்த முகாம் என்று அகர வரிசையில். ஒரு தாய் கடிதம் எழுதிக் கேட்டால் பெட்டியைத் திறந்து அட்டையைத் தேடிப் பதில் எழுதினார்கள். இதுவும் கட்டுப் போடுகிற வேலைதான். வார்டு வாசலில் ‘என் பிள்ளை உள்ளே இருக்கானா’ என்று மட்டும் கேட்டுக்கொண்டு நின்றவர்களை நினைத்துக்கொண்டேன்.

ஆறாம் நாள்: ஜெனீவா, மேட்டுப் பகுதி

ஐ.நா. வாசலில் உடைந்த நாற்காலி நிற்கிறது. 12 மீட்டர் உயர மர நாற்காலி, ஒரு கால் பாதியில் பிய்ந்திருக்கிறது. கண்ணிவெடிக்கு எதிராக 1997இல் வைத்தது. எல்லோரும் செல்ஃபி எடுத்தார்கள். தம்பி மகள் என்னையும் நிறுத்தி எடுத்தாள், அந்த உடைந்த காலுக்குக் கீழே நிற்கப் பிடிக்காமல் தள்ளி நின்றேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் வெளியே இருக்கும் சிலைகள்தான் இன்றைய நாள். ஒன்றில் கண் தெரியாத பெரியவரைக் கோலைப் பிடித்துக் கூட்டிப்போகிறான் ஒரு சிறுவன். ஆற்றோர ஈக்களால் பரவும் பார்வையிழப்பு நோய்க்கு எதிரான வேலையின் நினைவு. இன்னொன்று ஒரு சிறுமிக்கு அம்மை குத்தும் காட்சி, பெரியம்மை ஒழிந்ததைச் சொல்வது. உலக சுகாதாரப் பேரவை அதை அறிவித்த நாள் 1980 மே 8. டுனாண்டின் பிறந்த நாளும் மே 8. வெறும் தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது.

இயற்கையாகப் பெரியம்மை கண்ட கடைசி மனிதர் சோமாலியாவின் மெர்கா ஊர் மருத்துவமனைச் சமையல்காரர் அலி மாவ் மாலின், 1977 அக்டோபர். அம்மை கண்ட பிள்ளைகளை ஏற்றி வந்த வண்டிக்கு வழி காட்ட ஏறிக்கொண்டார், தொற்றிக்கொண்டது. மருத்துவமனையில் வேலை செய்தும் அதுவரை ஊசி போட்டுக்கொள்ளாமல் தப்பித்து வந்தவர், வலிக்கும் என்று பயம். பிழைத்தார். பிறகு அதே மனிதர் போலியோ சொட்டு மருந்துக்காக ஊர் ஊராக அலைந்து, என் கதையைப் பாருங்கள், பிள்ளைக்குப் போடுங்கள் என்று தாய்மார்களிடம் பேசினார். 2013இல் அந்த வேலையில் இருந்தபோதே மலேரியாவில் இறந்தார். சுகாதார ஊழியரிலேயே ஊசிக்குப் பயந்தவர்கள் எத்தனை பேரை எனக்குத் தெரியும்! அவர்களில் ஒருவருக்காவது இதைச் சொல்ல வேண்டும்.

புல்வெளியோரம் உட்கார்ந்து தம்பி மகள் தன் படிப்பு விஷயம் சொன்னாள். 2010இல் ஹைதி பூகம்பத்துக்கு உலகமே மருத்துவக் குழு அனுப்பியது. வந்தவர்களில் பழகியவர்களும் உண்டு, எதுவும் தெரியாதவர்களும் உண்டு. அந்தக் கசப்புக்குப் பிறகு 2013இல் குழுக்களுக்குத் தரம் வகுத்தார்கள். முதல் வகை நிலையான குழு என்றால் நாளைக்கு 100 புறநோயாளிகளையாவது பார்க்க வேண்டும். இரண்டாம் வகை என்றால் அதோடு 20 படுக்கைகள், நாளைக்கு 7 பெரிய அறுவை சிகிச்சைகள். இதைவிட முக்கியமானது, போகிறவர்கள் தங்கள் தண்ணீரையும் சாப்பாட்டையும் கூடாரத்தையும் தாங்களே கொண்டுபோக வேண்டும். அடிபட்ட ஊருக்குப் போய்க் கையேந்தக் கூடாது.

“நல்ல மனசு இருந்தா மட்டும் வரக் கூடாதுன்னு சொல்றாங்க, அப்படித்தானே?” என்றேன்.

“சாவியோட வரணும்னு சொல்றாங்க” என்றாள். மூன்றாம் நாள் சொன்னதை மறக்கவில்லை.

ஏழாம் நாள்: ஹைடன்

நாடு குறுக்கே ரயில். ரோர்ஷாகில் மாறி, 1875லிருந்து ஓடும் பல்சக்கர ரயிலில் மலை ஏறினோம். கீழே கான்ஸ்டன்ஸ் ஏரி அகலமாக விரிந்துகொண்டே போனது. ஹைடன் சின்ன, சுத்தமான ஊர்.

திவாலான பிறகு இருபது வருடம் ஊர் ஊராக அலைந்துவிட்டு 1887இல் டுனாண்ட் இங்கே வந்து சேர்ந்தார். 1892லிருந்து சாகும்வரை இந்த வட்டார மருத்துவமனையில்தான் இருந்தார், 12ஆம் எண் அறை. கட்டடம் இப்போது அருங்காட்சியகம். 1895இல் ஒரு பத்திரிகைக்காரர் தேடிவந்து எழுதியபோதுதான், அவர் உயிரோடு இருப்பதே உலகத்துக்குத் தெரிந்தது. 1901இல் முதல் அமைதி நோபல் பரிசில் பாதி அவருக்கு, பாதி பிரெஞ்சு அமைதி இயக்கக்காரர் ஃப்ரெடெரிக் பாஸிக்கு.

கடைசி வருடங்கள் நன்றாக இல்லை. யாரோ விஷம் வைக்கிறார்கள் என்ற பயம். சமையல்காரர் அவர் கண்முன்னால் ருசி பார்த்துக் காட்டிய பிறகே சாப்பிடுவாராம். இதைப் படித்துவிட்டு சில பேர் சங்கடப்பட்டு நகர்ந்தார்கள். எனக்குச் சங்கடம் இல்லை. இப்படிப்பட்ட பெரியவர்கள் எல்லா வார்டிலும் உண்டு. அவர்களுக்கு முன்னால் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுகிற நர்ஸும் உண்டு. அந்தச் சமையல்காரர்மேல்தான் என் மனசு போனது.

பரிசுப் பணத்தை அவர் தொடவில்லை. உயிலில் ஒரு பங்கு, இந்த ஊரில் ஒரு இலவசப் படுக்கைக்கு. வட்டாரத்து ஏழை யாராவது நோய் என்று வந்தால் அவருக்காக ஒரு கட்டில் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். வரப்போகிறவர் யாரென்று தெரியாமலே விரித்து வைத்த கட்டில். அதைப் படித்துவிட்டு அந்த இடத்தில் கொஞ்சம் உட்கார்ந்தேன்.

வெளியே வந்தால் நல்ல காற்று. ஏரியைப் பார்த்த புல்வெளியில் பையை வைத்துவிட்டு உட்கார்ந்தோம். ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. தம்பி மகள் கைக்கெடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டாள்.

“அத்தை, அன்னைக்கு அந்தத் தாத்தாவுக்குப் பண்ணினீங்களே, அத எனக்குக் காட்டுங்க.”

“இங்கயா? எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும். படுங்க.”

படுத்தேன். கிட்டக்க இருக்கிற கையை மடக்கி இப்படி வை, தூரத்துக் கையின் புறங்கையைக் கன்னத்துக்குக் கீழே கொடு, தூரத்து முட்டியை மடக்கி உன் பக்கம் இழு என்று சொல்லச் சொல்லச் செய்தாள். முதல் தடவை என் தோளில் முழுப் பாரத்தையும் போட்டாள். இரண்டாவது தடவை கையை மறந்தாள். நாய் கூட்டிவந்த ஒரு பெண் நின்று, எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறி, நான் கையை ஆட்டியதும் சிரித்துக்கொண்டு போனாள். மூன்றாவது தடவை நன்றாகவே திருப்பினாள். திருப்பிவிட்டு, சந்தோஷத்தில் ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“தாடையத் தூக்குடி” என்றேன் புல்லுக்குள்ளிருந்து. “எனக்கு மூச்சு முட்டுது.”